நாடாப் பெட்டியில் எழுதிய தேதியை அப்படியே நம்பாதீர்கள்

பழைய ஒலிநாடாக்களைச் சீர்செய்து டிஜிட்டலுக்கு மாற்றுவது என் தொழில். இந்த வாரமும் ஒருவர் எழுபதுகளின் ராக் கச்சேரி ஒன்றின் நாடாவைக் கொண்டுவந்தார். "பெட்டியிலேயே தேதி இருக்கிறதே, அதையே போட்டுவிடுங்கள்" என்றார். இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் இருப்பது கச்சேரி நடந்த நாளாக இருக்கலாம். நகல் எடுத்த நாளாகவும் இருக்கலாம். மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை ஒன்றாகக் கலப்பது, முடிந்த நாளாகவும், தபாலில் வந்து சேர்ந்த நாளாகவும் இருக்கலாம். பல வருடங்கள் கழித்து யாரோ நினைவிலிருந்து எழுதியதாகவும் இருக்கலாம். நாடாவே பெட்டி மாறி வந்திருக்கலாம். கையெழுத்தும் மையும் பழையவை என்று வாதாடுகிறார்கள். அறுபது வருடங்களுக்கு முன்பும் மனிதர்கள் தவறாக எழுதினார்கள். "நான்கு இணையதளங்களிலும் இதே தேதிதான்" என்பது அடுத்த வாதம். நான்கும் ஒரே பெட்டியைப் பார்த்து எழுதியிருந்தால் அங்கே இருப்பது ஒரே ஒரு சாட்சி.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 1966 பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற பெயரில் அனுமதியில்லாத இசைத்தட்டாக அது பல வருடங்கள் கைமாறியது. அங்கே அவர் பாடியது மே 26, 27 தேதிகளில். ஆனால் அந்த நாடாவில் இருப்பது மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேடு ஹாலில் நடந்த கச்சேரி. கடைசிப் பாட்டுக்கு முன் கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்துவது அதில் தெளிவாகக் கேட்கும்; அது மான்செஸ்டரில் எழுந்த குரல். இடம் தவறியதால் தேதியும் தவறியது. 1998இல் முறையாக வெளியிட்டபோதுகூட ஆல்பர்ட் ஹால் என்ற பெயரை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து அட்டையில் போட வேண்டியிருந்தது. உண்மையான ஆல்பர்ட் ஹால் கச்சேரி 2016இல்தான் வெளிவந்தது.

அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு வாசித்த 5/8/77 என்பது மே 8. ஆகஸ்ட் 5 அல்ல. நள்ளிரவு இன்னொரு தொல்லை. நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1969 டிசம்பர் 31 அன்று கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இரண்டு காட்சிகள் வாசித்தார். இரண்டாவதில் புத்தாண்டு பிறந்துவிட்டது. அந்தக் காட்சிக்கு எந்தத் தேதி? "டிசம்பர் 31, இரண்டாம் காட்சி" என்று முழுதாக எழுதுங்கள். மறுநாளும் இரண்டு காட்சிகள் உண்டு என்பதால் வெறும் தேதி போதாது.

ஒரு தேதியே பொருந்தாத இசைத்தட்டுகளும் உண்டு. டீப் பர்ப்பிள் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' 1972 ஆகஸ்ட் 15, 16இல் ஒசாகாவிலும் 17இல் டோக்கியோவிலும் பதிவானவற்றிலிருந்து தொகுத்தது. ஜப்பானில் எங்களுக்கு ஒரு வசதி: ஒசாகாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அலைவு), டோக்கியோவில் 50. பார்வையாளர் எடுத்த நாடா எந்த ஊரில் பதிவானது என்று சந்தேகம் வந்தால், அந்த அலைவால் மேடை ஆம்ப்ளிஃபயர்களில் எழும் ரீங்காரத்தை அளந்து பார்க்கலாம். நாடா கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தாலும் இந்த இடைவெளி மறையாது. ஆனால் நகலெடுத்த கருவியும் தன் ரீங்காரத்தைச் சேர்த்திருக்கும், ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

நான் முதலில் தேடுவது பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சை. அறிவிப்பாளர் ஊர்ப் பெயர் சொல்வார். பாடகர் நேற்றைய ஊரைக் குறிப்பிடுவார். கிட்டாரில் கம்பி அறுந்தால் அந்த இடைவெளியில் யாராவது எதையாவது பேசுவார்கள். இதையெல்லாம் உள்ளூர்ப் பத்திரிகை விமர்சனத்தோடும் அன்றைய பாட்டு வரிசையோடும் ஒப்பிட்ட பிறகுதான் தேதி உறுதியாகும். பத்திரிகை விளம்பரம் மட்டும் போதாது. ரத்தான கச்சேரிக்கும் விளம்பரம் வந்திருக்கும்.

அந்தப் பேச்சைத்தான் "வீண் சத்தம்" என்று வெட்டி எறிந்துவிட்டுக் கோப்பை அனுப்புகிறார்கள்! தயவுசெய்து வெட்டாதீர்கள். சுருதி கூட்டும் சத்தம், கைதட்டல், நாடா தொடங்கும்போது வரும் கடகடப்பு எல்லாம் இருக்கட்டும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய எழுத்தின் மேல் திருத்தி எழுதாதீர்கள். இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். நாடா யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரிந்தவரை எழுதுங்கள். தேதி உறுதியாகாவிட்டால் "1972, கோடை" என்று மட்டும் போடுங்கள்.