தொழுவத்துத் தூசி

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் வீட்டில் முதல் எதிரி தூசி. ஒட்டடை அடிக்கும் நாளில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் தூசிக்குத் தூசி வேறுபாடு உண்டு.

கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பணக்கார நாடுகளில் குழந்தை ஆஸ்துமா மளமளவென ஏறியது. இரண்டு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது, மாறியது சுற்றுப்புறம்தான். அதில் எது என்பதற்கு 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல துப்புக் கொடுத்தது.

இந்தியானா மாநிலத்தின் ஆமிஷ், தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஹட்டரைட் என்ற இரு கிறிஸ்தவச் சமயக்குழு மக்களும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வேர் கொண்டவர்கள். மரபணுவில் ஏறக்குறைய பங்காளிகள். இரு பக்கமும் விவசாயம், பெரிய குடும்பம், நெடுநாள் தாய்ப்பால். ஆனால் பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷ் பக்கம் 5.2 விழுக்காடு, ஹட்டரைட் பக்கம் 21.3.

ஹட்டரைட்டுகள் பெரிய கூட்டுப்பண்ணைகளில் இயந்திரங்களை வைத்து வேலை செய்கிறார்கள். ஆமிஷ்காரர்களோ குதிரை பூட்டி உழுகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பால்பண்ணை, பிள்ளைகள் புழங்கும் தூரத்தில் தொழுவம். அவர்கள் வீட்டுத் தூசியில், பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் 6.8 மடங்கு அதிகம்.

அடுத்து ஆய்வாளர்கள் செய்ததுதான் அழகு. இரு வீட்டுத் தூசியையும் கரைத்து, சில வாரங்கள் எலிகளின் மூக்கில் விட்டார்கள். ஒவ்வாமையைத் தூண்டியபோது ஆமிஷ் தூசி பெற்ற எலிகளின் மூச்சுக்குழாய் பெரிதாகச் சுருங்கவில்லை. ஹட்டரைட் தூசி அந்தக் காப்பைத் தரவில்லை. பிறவி எதிர்ப்பாற்றலின் அபாயமணி போன்ற இரண்டு மரபணுக்கள் நீக்கப்பட்ட எலிகளிடம் ஆமிஷ் தூசியும் பலிக்கவில்லை. ஆக, நுண்ணுயிர்த் துணுக்குகள் அந்த மணியை ஓயாமல் லேசாகத் தட்டி, உடலைப் பழக்குகின்றன என்று தெரிகிறது.

பழக்கம் இல்லாத உடல் மகரந்தத்தைக் குடற்புழு என்று நினைத்து, புழுவை விரட்டும் இயோசினோபில் அணுக்களை ஏவுகிறது. குழாய்ச் சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, தசை இறுகுகிறது. குழாயின் விட்டம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைச் சாலைப் புழுதியில் விட்டுவிடாதீர்கள். டீசல் புகையின் கரித்துகள் எதையும் பழக்குவதில்லை, குழாயைப் புண்ணாக்குகிறது. லண்டனில் போக்குவரத்து மிகுந்த சவுத் சர்குலர் சாலையருகே வசித்த ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவுசெய்தார். பிரிட்டனில் யாருடைய இறப்புக்கும் அதற்கு முன் அப்படி எழுதப்பட்டதில்லை.