பெயர் வைத்தால் அடங்கும் மணி

‘களத்துக்கே போகாமல் செய்தி அறை டெஸ்க்கில் உட்கார்ந்து வீடியோ வெட்டுபவருக்கு எப்படி மன அதிர்ச்சி வரும்? வந்தாலும், இன்னொரு பத்திரிகையாளரிடம் பேசினால் அது குறையுமா?’ வாசகர் ஒருவரின் கேள்வி இது.

முதல் பாதிக்குப் பதில் எளிது: வரும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய் கண்டறியும் கையேடு, கோரக் காட்சிகளை வேலை நிமித்தம் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் மன அதிர்ச்சிக்கான காரணமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே மனநல மருத்துவர் அந்தோனி ஃபைன்ஸ்டீன் குழு செய்தி அறைப் பத்திரிகையாளர்களிடம் நடத்திய ஆய்வு, மொத்தம் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பதே மனதை அதிகம் பாதிக்கிறது என்று கண்டது.

எனக்குப் பிடித்தது இரண்டாம் பாதி. மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. ஆபத்து என்றால் மணியடிப்பது அதன் வேலை. 2007இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு, 30 பேரை மூளையைப் படமெடுக்கும் ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டியது. அந்த முகத்துக்குப் பொருத்தமான ஆள்பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலா பெரிதாக அடங்கவில்லை. ‘கோபம்’, ‘பயம்’ என்று உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது அடங்கியது. நெற்றிக்குப் பின்னால், வலப்பக்க முன்மூளையில் ஒரு பகுதி விழித்துக்கொண்டது. ஒரே முகம்தான். சொல் மாறியதும் மூளை வேறு மாதிரி நடந்துகொள்கிறது!

இப்போது ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். யார், எங்கே, எத்தனை பேர், எப்போது. எல்லாமே ஆள்பெயர் வகைச் சொற்கள். நாள் முழுக்க எழுதினாலும் ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்ற வாக்கியத்துக்கு அதில் இடமில்லை, இருக்கவும் கூடாது. அந்த வாக்கியத்தைச் சக பத்திரிகையாளரிடம் சொல்லலாம். டெட்லைன் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டாம். அவர் மேலதிகாரியும் இல்லை, அதனால் அடுத்த அசைன்மென்ட் பறிபோகும் என்ற கவலையும் இல்லை. (ஸ்கேனரிலிருந்து செய்தி அறைக்கு நான் தாவுவது ஊகம்தான். ஸ்கேனருக்குக் கிடைக்கும் நிதியில் கொஞ்சம் செய்தி அறைகளை ஆராயவும் ஒதுக்கினால் தேவலை.)

சரி, அப்படியானால் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வைத்துவிடலாமா? கூடாது. தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. நடந்ததை ஒரே அமர்வில் விரிவாகப் பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு 13 மாதங்களுக்குப் பிறகு மன அதிர்ச்சிக் கோளாறு இருந்தது. மற்றவர்களில் 9 சதவீதம். பேச வைக்கப்பட்ட குழுவுக்குத் தொடக்கத்திலேயே பாதிப்பு சற்று அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கிளறுவது உதவியதற்கு அங்கே அடையாளமே இல்லை.

அதனால் சக ஆதரவாளர், அதாவது இப்படிக் காதுகொடுக்கப் பயிற்சி பெற்ற சக பத்திரிகையாளர், விவரம் கேட்டுத் துருவமாட்டார். ‘இப்போ எப்படி இருக்கே?’ என்பார், பதில் வரும்வரை சும்மா இருப்பார். சில நாள் கழித்து மறுபடி கேட்பார். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டு, அதே காட்சி கண்முன் வந்துகொண்டிருந்தால், அப்புறம் மனநல மருத்துவரிடம் கூடவே போவார்.