ஒரே வலையில் இரண்டு கூட்டங்கள்: காட் மீனை மரபணுவால் பிரித்தறிதல்

நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளை ஒட்டி மார்ச், ஏப்ரலில் போடும் வலையில் இரண்டு கூட்டத்துக் காட் மீன்கள் கலந்தே ஏறும். ஒன்று பேரன்ட்ஸ் கடலில் இரைதேடி வளர்ந்து, முட்டையிடத் தெற்கே வரும் ஆர்க்டிக் காட், பெருந்திரள். மற்றது ஆண்டு முழுதும் ஃபியோர்டுகளிலும் (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கால்கள்) கரையோரத்திலும் தங்கிவிடும் கரையோரக் காட். எண்ணிக்கையில் மிகச் சிறிது. இரண்டையும் ஒரே கணக்கில் பிடித்தால் சிறிய கூட்டம் தேய்வது மொத்தப் பிடிப்பில் தெரியவே தெரியாது.

மீனின் காதுக்குள் வளையம் வளையமாக வளரும் சிறு கல்லான செவிக்கல்லின் உள்வளைய வடிவத்தை வைத்து இரண்டையும் பிரிக்கலாம். அது படிப்பவரின் கண்பழக்கத்தைப் பொறுத்தது. பான்டோஃபைசின் என்ற மரபணு இன்னும் தெளிவான விடை தருகிறது. அதன் இரு வடிவங்களில் ‘பி’ ஆர்க்டிக் மீன்களில் மிகுதி, ‘ஏ’ கரையோர மீன்களில் மிகுதி. 2009 முதல் லோஃபோட்டனில் முட்டையிடும் பருவத்தில் மாதிரி எடுத்து, ஒரு நாளுக்குள் விகிதம் கண்டு, அதை வைத்தே அங்குள்ள முட்டையிடும் பகுதியில் மீன்பிடிப்பை அனுமதிப்பதா என்று முடிவெடுக்கிறார்கள்.

அதே மீன்களை மைக்ரோசாட்டலைட்டுகளால் (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்கள்; குறிப்பான்களாகப் பயன்படுபவை) மட்டும் பார்த்தால் வேறுபாடு மிகச் சிறிதாகவே தெரியும். கடல்மீன்களின் திரள் பெரிது, முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் கலக்கும். இரு கூட்டங்களின் மரபணு வேறுபாட்டை அளக்கும் எஃப்எஸ்டி மதிப்பு பெரும்பாலும் 0.02-ஐத் தாண்டாது. ஆகவே ‘வேறுபாடு தெரியவில்லை’ என்பதை ‘ஒரே கூட்டம்தான்’ என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. அப்படி எழுதிய ஒரு வரி, சிறிய கூட்டத்துக்கான பாதுகாப்பையே இல்லாமலாக்கிவிடும்.

பான்டோஃபைசினுக்கும் எல்லை உண்டு. அது முதல் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பியிருக்கும் பகுதிக்குள் இருக்கிறது. இயற்கைத் தேர்வின் பிடியில் உள்ளது. ஐஸ்லாந்தில் இதே மரபணு மீன் வாழும் ஆழத்தோடு சேர்ந்து மாறுகிறது. நார்வேயின் விளக்கத்தை அங்கே அப்படியே பொருத்த முடியாது. ஏ, பி இரு வடிவமும் கலந்து வரும் தனி மீனை இந்த ஒரு மரபணுவால் எந்தக் கூட்டம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கூட்ட விகிதம் காணவே அது ஏற்றது.

வேலை பெரும்பாலும் கெடுவது மாதிரி எடுக்கும் படகிலேயே. மீனின் துடுப்பில் அரிசி அளவு துண்டு போதும். 95 சதவீத எத்தனால் திசுவைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும். மறுநாள் அதை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் திசுவின் நீர் கலந்து எத்தனால் நீர்த்துப்போய் டி.என்.ஏ. சிதையும். ஃபார்மலின் கூடவே கூடாது. ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கத்தரியைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிசிஆரில் டி.என்.ஏ. சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்று எப்போதும் ஓடட்டும். அதில் டி.என்.ஏ. பட்டை தெரிந்தால் மாசு கலந்திருக்கிறது; அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்குங்கள்.

இடத்துக்கு 50 மீனாவது, முட்டையிடும் பருவத்தில், முட்டையிடும் இடத்திலேயே எடுக்க வேண்டும். இரைதேடும் இடத்தில் எடுத்தால் கூட்டங்கள் கலந்த மாதிரிதான் கிடைக்கும். மைக்ரோசாட்டலைட்டுகளில் கலப்பு மரபணுவகை (ஒரே மீனில் இரு வேறு வடிவங்கள் இருப்பது) எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால், குறை எல்லாக் குறிப்பான்களிலும் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். பரவியிருந்தால் இரு கூட்டங்கள் கலந்திருக்கலாம். ஓரிரண்டில் மட்டும் என்றால் பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டாமல் ஒரு வடிவம் தவறியிருக்கலாம். பிரைமரை மாற்றிய பிறகே முடிவு எழுதுங்கள்.