இணையமே இல்லாத இடத்தில் ‘இணையத் தாக்குதல்’

ஈரானின் நதான்ஸ் அணு ஆலையைப் பற்றி எழுதும்போதெல்லாம், ஆங்கிலத்தின் ‘சைபர் அட்டாக்’கை ‘இணையத் தாக்குதல்’ என்று போட்டுவிடுகிறார்கள். படித்துப் படித்துச் சலித்துவிட்டது. அந்த ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு இணைய இணைப்பே கிடையாது. அதைத் தாக்கி 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடிய நாசகார நிரல். யுரேனியத்தைச் செறிவூட்டும் கருவிகளின் சுழல்வேகத்தைத் தாறுமாறாக்கி அவற்றைக் கெடுத்தது. இதில் இணையம் எங்கே வந்தது?

மூலச்சொல் ‘சைபர்’. கிரேக்கத்தில் ‘குபெர்னேதெஸ்’ என்றால் கப்பலைச் செலுத்துபவர், நம் மீகாமன். அதை வைத்து 1948-இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாட்டையும் தொடர்பையும் ஆராயும் துறையை ‘சைபர்னெடிக்ஸ்’ என்றார். 1982-இல் எழுத்தாளர் வில்லியம் கிப்சன் ஒரு சிறுகதையில், கணினிகளுக்குள் விரியும் கற்பனை வெளியை ‘சைபர்ஸ்பேஸ்’ என்றார். ‘கவர்ன்மென்ட்’டும் இலத்தீன் வழியாக அதே வேரில் கிளைத்ததுதான்.

சரி, ‘இணையம்’ என்று எழுதினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்கலாம். நேட்டோ ராணுவக் கூட்டணி 2016-இல் நிலம், கடல், வான் ஆகியவற்றோடு சைபர்ஸ்பேஸையும் ஒரு போர்க்களமாக ஏற்றது. அந்தக் களத்தில் தனித்து நிற்கும் ராணுவக் கணினியும் அடங்கும், ஆலைக்குள் ஓடும் கட்டுப்பாட்டுக் கருவியும் அடங்கும். இத்தகைய போருக்குப் பன்னாட்டுச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று ஆராயும் தாலின் கையேடு 2013-இல் வெளிவந்தது. அதைத் தமிழில் ‘இணையப் போர்ச் சட்டம்’ என்று சொன்னால், நதான்ஸ் மாதிரியான தாக்குதல் அதற்குள் வராது என்றுதானே வாசகர் நினைப்பார்? மொழிபெயர்ப்பாளரின் சோம்பலால் சட்டத்தின் எல்லையே சுருங்கிவிடுகிறது.

‘சைபர்’ என்றே விட்டுவிடலாமா? தமிழில் சைபர் என்றால் பூச்சியம். அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘சைபர் பாதுகாப்பு’ என்றால் பாதுகாப்பே இல்லை என்றுதான் என் காதில் விழுகிறது.

‘சைபர்ஸ்பேஸு’க்கு என் தேர்வு ‘மின்வெளி’. மின்னஞ்சல், மின்னூல் எல்லாம் பழகிவிட்டதால் ‘மின்’ என்பதற்குப் புது விளக்கம் தேவையில்லை. ஆனால் ‘மின்வெளித் தாக்குதல்’ என்று முழுதாக எழுத வேண்டும். ‘மின் தாக்குதல்’ என்று சுருக்கினால் ஷாக் அடித்த செய்தியாகிவிடும். தலைப்பில் இடமில்லை என்று அதையும் செய்வார்கள்!

‘இணையவழித் தாக்குதல்’ என்ற சொல்லுக்கும் இடம் உண்டு. 2007-இல் எஸ்தோனியாவில் வங்கிகள், நாளிதழ்கள், அரசுத் துறைகளின் தளங்களை, ‘பக்கத்தைத் திற’ என்ற கோரிக்கைகளை வெளியிலிருந்து கணக்கில்லாமல் கொட்டி முடக்கினார்களே, அதற்கு அப்படியே எழுதுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.