சிக்னலில் தானாக அணையும் இன்ஜின்: அந்தப் பொத்தானை அழுத்தலாமா?

புதுக் கார் வாங்கியவர்கள் முதல் சர்வீஸுக்கு வரும்போது கேட்கிற கேள்விகளில் இது கட்டாயம் இருக்கும்: "சிக்னல்ல தானா ஆஃப் ஆகுதே, இதை மொத்தமா நிறுத்திட முடியுமா?" கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அடங்கிவிடுகிறது. பழக்கமில்லாதவர்கள் வண்டி நின்றே போய்விட்டதோ என்று பதறிச் சாவியைத் திருகுவார்கள், பின்னாலிருந்து ஹாரன் பறக்கும். சில நாளில் டாஷ்போர்டில் ஒரு பொத்தான் கண்ணில் படும். வட்டமாகச் சுழலும் அம்புக்குறி, நடுவே ஆங்கில 'ஏ' எழுத்து. அழுத்தினால் ஒரு சின்ன விளக்கு எரியும். அன்றைக்குத் தொல்லை விட்டது. மறுநாள் காலை வண்டியை எடுத்தால் பழைய குருடி கதவைத் திறடி.

பொத்தான் பழுதாகிவிடவில்லை. நேற்று நீங்கள் சொன்னதை இன்று மறந்துவிட வேண்டும் என்றே அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏன் என்பதற்கு வருவோம். அதற்கு முன்னால், அதை அழுத்துவதால் வண்டிக்கு நல்லதா கெட்டதா என்று பார்த்துவிடலாம்.

சின்னப் பெட்ரோல் கார் ஒன்று ஏசி இல்லாமல் சும்மா நின்று ஓடினால் மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். ஏசி போட்டால் இன்னும் கூட. அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யவும் பெட்ரோல் வேண்டுமே, அதில் என்ன லாபம் என்று கேட்பது நியாயம்தான். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் இதை அளந்து பார்த்துச் சொன்னது: 10 நொடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதே லாபம். அந்த 10 நொடியில் செலவாகும் பெட்ரோல் ஒன்றரை மில்லி சொச்சம், அவ்வளவுதான். கார்பரேட்டர் காலத்தில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்த ஞாபகத்தில் பலர் இன்னும் ஒரு ஸ்டார்ட்டுக்குக் கால் லிட்டர் போகும் என்பதுபோல் பேசுகிறார்கள்.

சரி, மாதக் கணக்கில் எவ்வளவு மிஞ்சும்? ஒரு நாளில் சிக்னல்களில் மொத்தம் 20 நிமிடம் இன்ஜின் அணைந்து கிடந்தால் 200 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 20 ரூபாய். மாதம் 25 நாள் ஓட்டினால் 500 ரூபாய். அண்ணா சாலையில் தினமும் ஊர்ந்து அலுவலகம் போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். திருச்சி பைபாஸில் போய் வருகிறவருக்குச் சுழி. ஒரே வண்டி, ஒரே பொத்தான், ஆனால் லாபம் போகிற ரோட்டைப் பொறுத்தது. "மைலேஜே கூடலை" என்பவரும் "நல்லா கொடுக்குது" என்பவரும் ஒருசேர உண்மை பேசுகிறார்கள்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1970-களின் நடுவில் டொயோட்டா தன் கிரவுன் காரில் இதைப் பொருத்தியது; வண்டி நின்று ஒன்றரை நொடி ஆனால் இன்ஜின் அணையும். டோக்கியோ நெரிசலில் ஓட்டிப் பார்த்ததில் 10 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமானது. 1990-களில் ஃபோக்ஸ்வாகன், கோல்ஃப் காரில் 'எக்கோமேட்டிக்' என்று கொண்டுவந்தது, சீந்துவார் இல்லை. நம் நாட்டில் மஹிந்திரா 2008 வாக்கில் பொலேரோவிலும் ஸ்கார்பியோவிலும் 'மைக்ரோ ஹைப்ரிட்' என்ற பெயரில் விற்றது. 2014-இல் ஹீரோ தன் ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட்டில் வைத்தது. இப்போது ஆக்டிவாவில்கூட இருக்கிறது.

சிக்னலில் நிற்கும் அந்த ஒரு நொடியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வேகம் பூஜ்யம், கியர் நியூட்ரலில், கிளட்ச் பெடல் மேலே. இன்ஜினை ஆளும் கணினி வரிசையாகச் சரிபார்க்கிறது. இன்ஜின் போதிய சூட்டில் இருக்கிறதா? திரும்ப ஸ்டார்ட் செய்ய பேட்டரியில் தெம்பு உண்டா? ஓட்டுபவர் பெல்ட் போட்டிருக்கிறாரா, கதவு மூடியிருக்கிறதா, பானெட் சாத்தியிருக்கிறதா? பிரேக்கை லேசாக மிதிக்க உதவுகிற பூஸ்டரில் வெற்றிடம் மிச்சமிருக்கிறதா? எல்லாம் சரி என்றால் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிப்பதை நிறுத்துகின்றன. பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் தன் வேகத்தில் கொஞ்சம் சுற்றி ஓய்கிறது. ஓய்கிற கடைசிக் கணத்தில் சிலிண்டரில் அமுங்கிக் கிடக்கும் காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ள, ஷாஃப்ட் ஒரு ஆட்டம் பின்னுக்கும் போகும்.

இந்தப் பின்னாட்டம்தான் பழைய இன்ஜின்களுக்குத் தலைவலி. ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தை எண்ணும் பழைய சென்சாருக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று தெரியாது, கூட்டிக்கொண்டே போகும். எந்த பிஸ்டன் எங்கே நிற்கிறது என்ற கணக்கு தப்பிவிடும். அடுத்த ஸ்டார்ட்டில் ஓரிரு சுற்று சுற்றி, தன் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே பெட்ரோல் தெளிக்க முடியும். தானாக அணையும் வண்டிகள் பலவற்றில் சுழலும் திசையையும் கண்டுகொள்ளும் சென்சார் இருக்கிறது. இன்ஜின் தூங்கினாலும் பிஸ்டன் நிற்கும் இடம் கணினியின் நினைவில் இருக்கும். நீங்கள் கிளட்சை மிதித்ததும் தேடல் இல்லாமல் சரியான சிலிண்டரில் பெட்ரோலும் பொறியும் விழுகின்றன. கால் கிளட்சை அமுக்கி, கை முதல் கியருக்குப் போவதற்குள் இன்ஜின் எழுந்துவிடும்.

மஸ்டா இதில் ஒரு படி மேலே போய்விட்டது. 2009-இல் வந்த அதன் 'ஐ-ஸ்டாப்', அணைக்கும்போதே பிஸ்டன்களை நடுவாந்திரமான இடத்தில் நிறுத்திவைக்கும். திரும்ப எழுப்பும்போது நின்றுகொண்டிருக்கும் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளித்துக் கொளுத்தி, அந்த வெடிப்பால் ஷாஃப்ட்டை உந்தும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கைத்தாங்கல் வேலை மட்டும். 0.35 நொடியில் இன்ஜின் ஓடத் தொடங்கும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. எனக்குத் தெரிந்து இந்த ஏற்பாட்டில் இதைவிட அழகான பொறியியல் இல்லை.

"அப்போ ஸ்டார்ட்டர் மோட்டார் சீக்கிரம் போயிடாதா?" சாதாரண ஸ்டார்ட்டராக இருந்தால் போகத்தான் போகும். அது ஏறக்குறைய 50,000 ஸ்டார்ட்டுகளைத் தாங்கும்படி செய்யப்படுவது. இந்த வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர்கள் இரண்டரை, மூன்று லட்சம் ஸ்டார்ட்டுகளுக்கு என்று செய்யப்படுகின்றன. பிரஷ், பேரிங், பற்கள் எல்லாமே கெட்டியானவை. நாளைக்கு 40 தடவை, வருஷத்தில் 300 நாள் என்றால் 12,000 ஆகிறது. பழைய வகை நாலு வருஷத்தில் கையை விரிக்கும். புது வகை வண்டியின் ஆயுளைத் தாண்டியும் கிடக்கும். சுசுகியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் கார்களில், சூடான இன்ஜினை, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் இடத்தில் இருக்கும் மோட்டாரே பெல்ட் மூலம் சுற்றி எழுப்புகிறது. அதனால் அந்தக் 'கர்ர்' சத்தம்கூடக் கேட்காது.

கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளைப் பற்றிய கவலையில் மட்டும் கொஞ்சம் சாரம் உண்டு. ஷாஃப்ட் சுற்றும்போது எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. நின்றால் மெல்ல அமர்ந்து உலோகத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் முதல் சில கணங்கள் உராய்வுதான். இதற்காகவே பேரிங் தகடுகளின் மேல் பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள். தவிர, தேய்மானத்தில் பெரும்பங்கு காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போடும் முதல் ஸ்டார்ட்டில் வருவது. இன்ஜின் சூடாகும்வரை இந்த வசதி வேலையே செய்யாது என்பதால், கூடுதலாக நடப்பவை எல்லாம் எண்ணெய் ஊறிய, சூடான ஸ்டார்ட்டுகள்.

உண்மையில் விலை கொடுப்பது பேட்டரி. இன்ஜின் அணைந்த நேரத்தில் விளக்கு, ஏசி காற்றாடி, பாட்டு, கணினி எல்லாம் அதன் தலையில். அப்புறம் உடனே நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்து இன்ஜினை வேறு எழுப்ப வேண்டும். முழுக்க நிரம்பாமல் அரைகுறை சார்ஜிலேயே நாள் முழுக்க ஏறி இறங்குவது சாதாரண ஈய அமில பேட்டரிக்கு ஆகாது. தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். அதனால் இந்த வண்டிகளுக்கு 'ஈ.எஃப்.பி.' அல்லது 'ஏ.ஜி.எம்.' வகை பேட்டரி வரும். முன்னது தகடுகளை வலுப்படுத்திய ஈர பேட்டரி; பின்னது கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை ஊறவைத்தது. விலை கணிசமாகக் கூடுதல். மாற்றும் நேரம் வந்ததும், "அதே சைஸ்ல சாதா பேட்டரி இருக்கு, கம்மி விலைல முடிச்சிடலாம்" என்று கடையில் சொல்வார்கள். பொருந்தும், ஓடும், சீக்கிரமே சாகும்.

பேட்டரியின் கழுத்தில், அதாவது நெகட்டிவ் முனையில், சின்னதாக ஒரு சென்சார் மாட்டியிருக்கும். மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பம் மூன்றையும் அது ஓயாமல் அளக்கும். சார்ஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இன்ஜினை அணைக்கவே விடாது. மூன்று நாலு வருஷமான வண்டியில் இந்த வசதி தானாகவே வேலை செய்யாமல் போனால் பலர் சனியன் ஒழிந்தது என்று சந்தோஷப்படுகிறார்கள். பெரும்பாலும் அது பேட்டரி வயசாகிவிட்டது என்ற முதல் நோட்டீஸ்.

நம்மூர் வெயிலில் இன்னொரு கதை. ஏசி கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்தான் சுற்றுகிறது. இன்ஜின் அணைந்தால் காற்றாடி ஓடும், குளிர்ச்சி வராது. குளிரூட்டும் சுருளில் மிச்சமிருக்கும் குளிர் தீர்ந்ததும் கணினி இன்ஜினை எழுப்பிவிடும். சித்திரை மாதத்து நண்பகலில் அணைக்கவே மறுக்கும். ஜப்பானில் 2012-இல் வந்த வேகன் ஆரில் சுசுகி இதற்கு ஒரு வழி செய்தது: ஏசி சுருளுக்குள் குளிரைச் சேமிக்கும் பொருளை வைத்து, இன்ஜின் நின்ற நேரத்திலும் காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடு. நம் கோடைக்கு அல்லவா அது முதலில் வந்திருக்க வேண்டும்!

இப்போது அந்த மறதிக்கு வருவோம். நம் நாட்டில் ஒரு காரின் மைலேஜ் எண் சோதனைக்கூட உருளையின் மேல் ஓட்டி எடுக்கப்படுகிறது. அந்த இந்திய ஓட்டச் சுழற்சி 1180 நொடி. அதில் ஏறக்குறைய கால் பங்கு நேரம் வண்டி சும்மா நிற்கும். நிற்கும்போது இன்ஜின் அணைகிற கார், சூடேறிய பிறகு அப்படி நிற்கும் நேரத்தில் துளி பெட்ரோல் செலவழிக்காது. அங்கே ஏசியும் ஓடாது, வெயிலும் அடிக்காது, பேட்டரியும் ஆரோக்கியமாக இருக்கும். பத்திரிகை விளம்பரத்தில் வரும் எண் கொஞ்சம் ஏறும். அதைவிட முக்கியம், 2017-இலிருந்து நடப்பில் இருக்கும் நிறுவன சராசரி எரிபொருள் விதிமுறை. ஒரு நிறுவனம் விற்கும் எல்லா கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடும் அது வைத்த வரம்புக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு கிராமும் அங்கே காசு. சோதனையில் எந்த நிலையில் ஓடி அந்த எண் கிடைத்ததோ, சாவி போட்டதும் வண்டி அதே நிலையில் எழ வேண்டும். வாங்கிய முதல் நாளே எல்லோரும் நிரந்தரமாக அணைத்துவிடலாம் என்றால் அந்த எண் வெறும் காகித எண்ணாகிவிடும். அதனால்தான் பொத்தானுக்கு ஒரு பயணத்துக்கு மேல் நினைவு கிடையாது.

அமெரிக்காவிலும் இந்த வசதிக்கு விதிமுறையில் சலுகைப் புள்ளிகள் கொடுத்தார்கள், பரவியது. 2025 மே மாதம் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின், இதை எல்லோரும் வெறுக்கிறார்கள், சரிசெய்யப் போகிறோம் என்று எக்ஸ் தளத்தில் எழுதினார். ஒரு பொத்தானின் மறதி அரசியலாகிவிட்டது.

சரி, மறக்காத பொத்தான் வேண்டும் என்பவர்களுக்கு வெளிச்சந்தையில் வழிகள் இருக்கின்றன. பொத்தானின் வயரில் குறுக்கே மாட்டும் சின்னப் பெட்டி ஒன்று, நீங்கள் கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்துக்கொண்டு சாவி போட்டதும் உங்களுக்குப் பதிலாக அழுத்திவிடும். வயரை வெட்டாமல் சாக்கெட்டில் செருகும் வகை பரவாயில்லை, ஆனாலும் வாரண்டியில் கேள்வி வரலாம். மோசமான வழி, பேட்டரி சென்சாரின் சாக்கெட்டைப் பிடுங்கிவிடுவது. இன்ஜின் அணையாது, வாஸ்தவம். ஆனால் ஆல்டர்னேட்டர் எப்போது எவ்வளவு சார்ஜ் செய்ய வேண்டும் என்பதும் அதே சென்சாரை நம்பித்தான் நடக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டுப் பேட்டரியைக் காப்பாற்றச் சொல்வதில் என்ன பலன்?

இவ்வளவும் தேவையில்லை என்பது என் கட்சி. காலிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. மேனுவல் வண்டியில் நியூட்ரலுக்கு வந்த பிறகும் கிளட்சை விடாமல் மிதித்திருந்தால் இன்ஜின் அணையாது. நம் சிக்னல்களில் சிவப்பு விளக்கோடு எண்ணும் ஓடுகிறதே, அது உங்களுக்குத் தெரியும், காருக்குத் தெரியாது. ஐந்து, நாலு என்று இறங்கிக்கொண்டிருந்தால் காலை வைத்திருங்கள். 60 என்று காட்டினால் விட்டுவிடுங்கள். கிளட்சை நிமிடக்கணக்கில் மிதித்துக்கொண்டு நிற்க வேண்டாம், அதன் பேரிங் தேயும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் பிரேக்கை லேசாக மிதித்தால் இன்ஜின் ஓடும், அழுத்தி மிதித்தால்தான் அணையும். எவ்வளவு அழுத்தம் என்பது இரண்டு மூன்று நாளில் காலுக்குப் பிடிபட்டுவிடும்.

பொத்தானை அழுத்தியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அடிக்கு அடி நகரும் நெரிசலில், மூன்று நொடிக்கு ஒருமுறை அணைந்து எழுவதில் மிச்சம் எதுவும் இல்லை. இடுக்கில் முன்னும் பின்னும் எடுத்து நிறுத்தும்போதும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரி போன்ற இடங்களில் சைலன்சர் மூழ்கும் தண்ணீரில் மாட்டிக்கொண்டால், முதல் வேலையாக இந்த வசதியை அணையுங்கள். ஓடும் இன்ஜினின் புகை தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இன்ஜின் அணைந்தால் தண்ணீர் குழாய்க்குள் ஏறும், திரும்ப ஸ்டார்ட் ஆவது நிச்சயமில்லை.

ரயில்வே கேட்டில் மட்டும் இந்த வசதியை நம்ப வேண்டாம். இன்ஜின் சத்தம் இல்லை என்பதால் வண்டி ஆஃப் என்று நினைத்து இறங்கி டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. இக்னிஷன் இன்னும் ஆனில்தான் இருக்கும், பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். கேட் திறக்க நேரமாகும் என்று தெரிந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி முழுசாக அணைத்துவிட்டு இறங்குங்கள்.