கோபுர உயரத்தில் நின்ற ஏகபோகம்

இந்தியாவில் தொலைக்காட்சி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசிடம் மட்டுமே இருந்ததற்குச் சட்டத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தியை நிறுவி நடத்தும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. பின்னாளில் வானொலியும் தொலைக்காட்சியும் அந்தச் சொல்லின் பொருளுக்குள் வந்தன. ஆனால் இதே சட்டம் இருந்த காலத்தில்தான் லண்டனிலிருந்து பிபிசியின் தமிழோசை நம் வீடுகளில் கேட்டது. வானொலியைத் தடுக்காத எல்லை தொலைக்காட்சியை மட்டும் தடுத்தது எப்படி என்பதற்கு விடை அலையின் இயல்பில் இருக்கிறது.

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை, வானில் மிக உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இறங்கும். தொலைக்காட்சிக்கு அந்த வசதி இல்லை. 625 கோடுகள் கொண்ட படத்தை நொடிக்கு 25 முறை அனுப்ப, ஓர் ஒளிபரப்புக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். சிற்றலை முழுவதையும் ஒதுக்கினாலும் மூன்று நிலையங்களுக்குத்தான் இடம் கிடைக்கும். ஆகவே அதைவிட உயர்ந்த அதிர்வெண்களுக்குச் செல்ல நேர்ந்தது. அவை பெரும்பாலும் அயனி மண்டலத்தைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடும். தரையில் ஏறக்குறைய நேர்கோட்டில் சென்று, பூமியின் வளைவு மறைக்கும் இடத்தில் தேய்ந்துவிடும். 150 மீட்டர் கோபுரத்தின் அலைக்கு அடிவானம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். எனவே கோபுரம் கட்டுவது யாரோ அவரே, அந்த வட்டத்துக்குள் என்ன தெரிய வேண்டும் என்பதையும் முடிவு செய்தார்.

1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஒளிபரப்பு, மும்பைக்கு 1972இலும் சென்னைக்கு 1975இலும்தான் வந்தது. நகரத்துக்கு நகரம் தனித்தனி வட்டங்களாக இருந்தவற்றை ஒன்றாக்கியது செயற்கைக்கோள். 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, டெல்லி அனுப்பிய நிகழ்ச்சியை நாடு முழுவதும் பொழிந்தது. சிறு நகரங்களில் 100 வாட் மறு ஒளிபரப்பு நிலையங்கள் அதைத் தட்டு ஆன்டெனாவில் வாங்கி, தம்மைச் சுற்றியிருந்த சில கிலோமீட்டருக்குப் பரப்பின. அந்த நிலையங்களுக்கென்று சொந்தப் படப்பிடிப்புக் கூடம் கிடையாது. மேலிருந்து வருவதை அப்படியே கீழே தருவதுதான் அவற்றின் வேலை. மத்தியக் கட்டுப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அமைப்பை நான் கண்டதில்லை.

இந்த அமைப்புக்கு ஒரு விதிவிலக்கு கடல் வழியே வந்தது. இலங்கையின் ரூபவாகினி 1982இல் தொடங்கியபோது, அதன் முதன்மை ஒளிபரப்புக் கோபுரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில் நின்றது. அந்த உயரத்திலிருந்து அடிவானம் 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதற்கு அப்பாலும், கடல்மேல் ஈரக்காற்றும் வெப்பக்காற்றும் அடுக்குகளாக நிற்கும் நேரங்களில், அலை அந்த அடுக்குகளுக்கிடையே குழாயில் ஓடுவது போல் வளைந்து செல்லும். சென்னை தூர்தர்ஷனின் அலை எட்டாத தென்மாவட்டக் கடலோர ஊர்களில், வீட்டு மாடியில் நெடுங்குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, புள்ளி புள்ளியாய்த் தெரிந்த படத்தை மக்கள் பார்த்தார்கள். பிறகு கொடைக்கானல் மலையில் எழுந்த கோபுரமும் இதே உயரக் கணக்கைப் பயன்படுத்தித் தெற்கே பரந்த நிலப்பரப்பைத் தூர்தர்ஷனின் வட்டத்துக்குள் கொண்டுவந்தது.

ஏகபோகத்தை உண்மையில் உடைத்தது தட்டு ஆன்டெனா. வேறு நாட்டின் செயற்கைக்கோள் தலைக்கு மேலே நிற்கும்போது பூமியின் வளைவு எதையும் மறைப்பதில்லை. 1991 முதல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஸ்டார் டிவியைத் தெருவுக்கொரு கேபிள்காரர் தட்டில் பிடித்துக் கம்பி வழியே வீடுகளுக்குக் கொடுத்தார். இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அலை அனுப்பும் உரிமை அப்போதும் அரசிடமே இருந்ததால், தனியார் சேனல்கள் நிகழ்ச்சி நாடாக்களை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து மேலே ஏற்றின. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாட்டு வீடுகளில் தனியார் தமிழ்ச் சேனல் ஓடத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.