ஸ்பெஷல் தரிசனம் போகும் தண்ணீர்

ஒத்தக்கடை தாண்டி, யானைமலை முதுகு தெரிகிற ஒரு பிளாட் பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 64 வீடுகள், ஒரு போர்வெல், தரைக்குக் கீழே ஒரு தொட்டி, அதிலிருந்து ஏற்ற ஒரு மேல்நிலைத் தொட்டி. பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடிக்கும் இந்தத் தண்ணீரையே கொடுக்கலாம் என்று சங்கத்தில் முடிவு செய்து, 'குளோரின் போட்டுத்தான் விநியோகிக்கிறோம்' என்று எழுதி ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஃபைல் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'காண்டாக்ட் டைம் எவ்வளவு?'

"வாரம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டால் நியாயம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் என்ன சொல்வது? இழுத்தடிப்பதற்காகக் கேட்கிறார்களா?" என்பது அவருடைய கேள்வி.

இழுத்தடிப்பு என்றால் எனக்கும் கோபம் வரும். ஆனால் இந்த ஃபைலில் அப்படி எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம். கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். காண்டாக்ட் டைம் என்றால், குழாய்க்குப் போகுமுன் தண்ணீர் குளோரினோடு சேர்ந்திருக்கும் நேரம்.

பள்ளிக்கூட வேதியியலை ஒரே ஓட்டமாகத் தாண்டிவிடுவோம். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியைக் கொல்வது முக்கியமாக அதுதான். அதற்கு மின்சுமை கிடையாது. அதனால் எதிர்மின்சுமை உள்ள பாக்டீரியாவின் உறைக்குள் தடையில்லாமல் புகுந்துவிடும். தண்ணீரில் காரத்தன்மை கூடினால் அந்த அமிலம் ஹைப்போகுளோரைட் அயனியாகப் பிரிந்துவிடுகிறது. அதற்கும் எதிர்மின்சுமை என்பதால் வாசலிலேயே தள்ளப்படும். பி.எச். 7.5 இருந்தால் பாதிக்குப் பாதி; 8.5 ஆனால் வேலை செய்யும் அமிலம் பத்தில் ஒரு பங்குதான். இவர்கள் போர் தண்ணீரில் பார்த்தேன், 7.8 இருந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அமிலம். சுமார்தான், மோசமில்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். 1908இல் லண்டனில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி, கிருமிகள் எப்படிச் சாகின்றன என்று எண்ணிப் பார்த்தார். மொத்தமாக ஒரே நொடியில் சாவதில்லை. முதல் நிமிடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு செத்தால், அடுத்த நிமிடத்தில் மிச்சமிருக்கும் பத்தில் ஒன்பது, அதற்கடுத்த நிமிடத்தில் மறுபடியும் மிச்சத்தில் தொண்ணூறு சதவீதம். கதிரியக்கச் சிதைவு போலவேதான். ஆகவே 'எல்லாம் செத்தது' என்ற கணமே கணக்கில் கிடையாது. பத்தாயிரத்தில் ஒன்று மிஞ்சும் அளவுக்கு வந்துவிட்டோமா என்றுதான் கேட்கலாம். அதே ஆண்டு வாட்சன் என்பவர் இன்னொன்றைச் சேர்த்தார்: மருந்தின் அடர்த்தியும் நேரமும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். குளோரினுக்கு ஏறக்குறைய இரண்டையும் பெருக்கினாலே போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் 15 நிமிடமும், 0.5 மில்லிகிராம் 30 நிமிடமும் ஒன்றுதான். இந்தப் பெருக்கல் தொகையைத்தான் உலகமெங்கும் ஒப்புதல் கொடுப்பவர்கள் பார்க்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1908இல்தான் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் பிளீச்சிங் பவுடரைக் கலக்க ஆரம்பித்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்கில் அதுவும் விசாரணைக்கு வந்து, 1910இல் அந்த முறை செல்லும் என்று தீர்ப்பானது. குளோரினுக்கு முதல் பெரிய ஒப்புதல் கோர்ட்டில்தான் கிடைத்தது என்று சொல்லலாம். இன்று அங்கே 15 இணைப்புகள் அல்லது 25 பேர் இருந்தாலே அது பொதுக் குடிநீர் அமைப்பு, சட்டத்துக்குள் வந்துவிடும். நம் வாசகரின் 64 வீடுகள் அங்கே இருந்திருந்தால் தொட்டி வரைபடத்தோடு போய் நிற்கவேண்டியதுதான். இங்கே கேன் தண்ணீர் விற்க உரிமம் வேண்டும். குழாய்த் தண்ணீருக்கு ஐ.எஸ். 10500 என்று ஒரு தர அளவுகோல் இருக்கிறது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சவேண்டும், 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலை கூடத் தென்படக்கூடாது என்கிறது. ஆனால் அது கட்டாயம் அல்ல. கேனில் விற்றால் உரிமம் கேட்பார்கள், குழாயில் ஊற்றினால் கேட்பாரில்லை. இது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிது: பி.எச். 8க்குக் கீழே இருந்தால், 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிற நிலையில் 30 நிமிடம். பெருக்கினால் 15. வைரஸுக்கு மட்டும் என்றால் நம் ஊர் சூட்டில் இதைவிடக் குறைவே போதும். அமெரிக்க அட்டவணையில் 25 டிகிரியில் 2 என்றே போட்டிருக்கிறார்கள். மதுரை வெயிலால் ஒரு நன்மையாவது உண்டு. இருந்தாலும் மழைக்குக் கலங்கும் போர்வெல், அதைக் குடிக்கப்போவது அங்கன்வாடிப் பிள்ளைகள். நான் 15க்குக் கீழே இறங்க மாட்டேன்.

இப்போது வாசகர் கணக்குப் போடுகிறார், சரியாகத்தான் போடுகிறார். கீழ்த்தொட்டியில் 20,000 லிட்டர். காலையில் இரண்டு மோட்டாரும் ஓடும். போர் மோட்டார் தொட்டிக்குள் தள்ளும், இன்னொன்று உறிஞ்சி மேலே ஏற்றும். இரண்டும் நிமிடத்துக்கு 200 லிட்டர் வாக்கில். 20,000 வகுத்தல் 200, நூறு நிமிடம். முப்பதுக்கு மூன்று மடங்குக்கு மேல்! பிறகென்ன பிரச்சினை?

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்ட நாளில் போயிருக்கிறீர்களா? தர்ம தரிசனத்தில் நிற்பவர் இரண்டு மணி நேரம். ஸ்பெஷல் தரிசன டிக்கெட் எடுத்தவர் இருபது நிமிடத்தில் சாமி பார்த்துவிட்டு வெளியே ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருப்பார். சராசரி எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு எண் சொல்லலாம்; அந்த எண்ணால் இருவருக்குமே பயன் இல்லை. தொட்டியிலும் அதேதான். நூறு நிமிடம் என்பது சராசரி. குழாய் வழியே வந்த தண்ணீரில் ஒரு பகுதி நேராக உறிஞ்சும் குழாய்க்குப் போய் ஐந்து நிமிடத்தில் வெளியேறும்; இன்னொரு பகுதி எதிர்மூலையில் மணிக்கணக்காகச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நோயைக் கொண்டுபோவது அவசரமாகப் போகும் தண்ணீர்தான். அதனால் ஒப்புதல் கணக்கில் சராசரியை விட்டுவிட்டு, முதல் பத்து சதவீதத் தண்ணீர் வெளியேற எத்தனை நிமிடம் என்று பார்ப்பார்கள். தடுப்பில்லாத தொட்டிக்கு நூறு நிமிடத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பத்து நிமிடம் என்றே வைப்பார்கள்.

அந்தப் பத்தில் ஒன்று ஏதோ குருட்டாம்போக்கில் போட்ட எண் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இல்லை. உள்ளே வரும் தண்ணீர் உடனே முழுக்கக் கலந்துவிடுகிற ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ளே வந்த ஒரு குடம் தண்ணீர் தொட்டி முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு வெளியேறும். அதோடு அந்தக் குடத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். அவ்வளவுதான் கணக்கு. நன்றாகக் கலக்கட்டும் என்று நாம் ஆசைப்படுவதே நேரத்தைத் தின்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த இடம் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். மோட்டார் ரூம் வாசலில் திருஷ்டிப் பூசணி, அதற்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு. அதை வாராவாரம் மாற்றுகிறார்களாம். குளோரின் பார்க்கும் கருவி இருக்கிறதா என்றால் இல்லை. மூட்டையில் இருந்த பவுடர் கட்டி தட்டிப் போயிருந்தது. புதுசு என்றால் திறந்ததும் மூக்கைப் பிடுங்கவேண்டும். அப்புறம் தொட்டி மூடியைத் திறந்தால், தண்ணீர் விழும் குழாயும் உறிஞ்சும் குழாயும் ஒரே மூலையில், ஒரு முழம் தள்ளி. மோட்டார் ரூம் அங்கே இருப்பதால் பிளம்பர் பைப் மிச்சம் பிடித்திருக்கிறார்.

சோதனைக்குத் தேவைப்பட்டது 2 கிலோ உப்பு, ஒரு 200 லிட்டர் நீல டிரம், கடையில் சல்லிசாகக் கிடைக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது). டிரம் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டோம். கெட்டியாகக் கரைத்தால் கனத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும், அதனால்தான் இவ்வளவு தண்ணீர். இரண்டு மோட்டாரையும் ஓடவிட்டு, டிரம்மைக் குழாய் விழும் இடத்தில் கவிழ்த்தோம். மேலேற்றும் குழாயில் ஒரு சின்ன டேப் இருந்தது; அதில் நிமிடத்துக்கு ஒரு டம்ளர் பிடித்து அளந்தோம். ஆரம்பத்தில் லிட்டருக்கு 870 மில்லிகிராம். மூன்றாவது நிமிடம் 905. நாலாவது நிமிடம் 1,010. ஐந்தாவது நிமிடம் 1,160. கூடுதலாக வந்ததை எல்லாம் கூட்டி, அதை 200 லிட்டரால் பெருக்கிப் பார்த்தால், ஏழாவது நிமிடத்திலேயே 200 கிராம் உப்பு, அதாவது பத்தில் ஒரு பங்கு, வெளியே போயிருந்தது. நூறு நிமிடத் தொட்டிக்கு உண்மையான நேரம் ஏழு நிமிடம். 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் பெருக்குத் தொகை 3.5தான். அதுவும் எப்போதும் இருந்தால். அவர்கள் ஞாயிறு பவுடர் போட்டால் திங்கட்கிழமை தண்ணீரில், குளோரின் இருக்கிறதா என்று பார்க்கப் போடும் சோதனை மாத்திரை ரோஸ் நிறம் காட்டியது. புதன்கிழமை ஒன்றும் காட்டவில்லை. வாரம் ஒருமுறை போடுவது வாரத்தில் ஐந்து நாள் போடாமலிருப்பதற்குச் சமம்.

தீர்வு கோயிலிலேயே இருக்கிறது: வளைந்து வளைந்து போகிற கியூ தடுப்பு. விழும் குழாயை எதிர்மூலைக்கு நீட்டி, நடுவில் மூன்று வரிசை கடப்பா கல்லை ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ச்சுவரில் இடைவெளி இருக்கும்படி நிறுத்தினார்கள். தண்ணீர் பாம்பு மாதிரி நெளிந்துதான் போகமுடியும். பின்னால் வந்தது முன்னால் முந்தமுடியாது. அதே உப்பு, அதே டிரம். முதல் ஏற்றம் 33ஆவது நிமிடம். பத்தில் ஒரு பங்கு வெளியேற 48 நிமிடம். ஒரு சொட்டுக் குளோரின்கூடக் கூட்டாமல் ஏழு மடங்கு.

போர் மோட்டார் ஸ்விட்சிலேயே குளோரின் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் ஒரு சின்ன டோசிங் பம்ப்பையும் சேர்த்துவிட்டோம். லிட்டருக்கு 30 கிராம் புதுப் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த மேல்நீரை மட்டும் கேனில் ஊற்றினால், நிமிடத்துக்கு 30 மில்லி போதும். மேல்நீரை எடுக்காவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். வாடை அடிக்கிறது என்று இரண்டு வீட்டில் சண்டைக்கு வந்தார்களாம். மூக்கை அரிக்கும் வாடை பெரும்பாலும் குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து அரைகுறையாக நிற்கும்போது வருவது. சில நேரம் கூடுதலாகப் போட்டால்தான் வாடை போகும். இதை வீடு வீடாக விளக்குவது காண்டாக்ட் டைமைவிடக் கஷ்டம்.

இன்னொன்று, இதெல்லாம் குளோரினுக்கு அடங்குகிற கிருமிகளுக்கு. கிரிப்டோஸ்போரிடியம் போல உறை போட்டுக்கொண்டு கிடப்பதைக் குளோரின் அசைக்காது; 1993இல் மில்வாக்கி நகரத்தில் சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது அதுதான். இவர்களுடையது ஆழ்துளைக் கிணறு என்பதால், கேசிங் பைப்பைச் சுற்றி மழைத் தண்ணீர் இறங்காதபடி சிமென்ட் மேடை போடச் சொன்னேன்.

நம் பொறியியல் கல்லூரிகளில் கடைசி வருட புராஜெக்ட் என்றால் ஸ்மார்ட் வாட்டர், சென்சார், செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு வைத்தால்தான் மதிப்பெண்ணும் நிதியும். மதுரையைச் சுற்றி எத்தனை ஊராட்சித் தொட்டிகள் இருக்கின்றன! ஐந்து மாணவர்கள், ஒரு மூட்டை உப்பு, மாதத்துக்கு இருபது தொட்டி என்று அளந்தால், எந்தத் தொட்டியில் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடுகிறது என்று வரைபடமே போட்டுவிடலாம். யாரும் நிதி கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. உப்பு ரொம்ப மலிவு என்பதாலோ என்னவோ.

சங்கத்துச் செயலாளர் அந்த இரண்டு சோதனைத் தாள்களையும் இணைத்து, சிவப்பு மைக் கேள்விக்குக் கீழே '48 நிமிடம், பக்கம் 3 பார்க்க' என்று எழுதி ஃபைலை மறுபடியும் அனுப்பிவிட்டார். நான் கிளம்பும்போது மோட்டார் ஆப்பரேட்டர் அண்ணன் டி.டி.எஸ். மீட்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தார். "சார், உப்பு இன்னும் ஒரு பாக்கெட் கெடக்கு. மேல இருக்க டேங்கையும் ஒருக்கா பாத்துருவமா?"